சபையில் சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றால் போதுமா?

கேள்வி: ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று பெந்தெகொஸ்தே பண்டிகை. பரிசுத்த ஆவி இறங்கிய நாளில் அவரவர் தங்கள் பாஷையிலே கேட்டார்கள் என்று எங்கள் போதகர் ஐயர் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் எங்கள் சேகரத்துக் காது கேளாதவர்கள் ஆறு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து கமிட்டியில் பேச்சு வந்தது. சைகை மொழி கோர்ஸ் முடித்த ஒரு பெண் இருக்கிறாள், அடுத்த மாதத்திலிருந்து பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாள் என்று முடிவாகியிருக்கிறது. இது போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜூன் 8, இரவு

போதாது. ஆனாலும் செய்யுங்கள். இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

என் தம்பிக்கு ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று. இப்போது அவனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, அச்சகத்தில் வேலை பார்க்கிறான். சிறு வயதிலிருந்து சபையில் அவனுக்குச் சைகை செய்து சொன்னது நான்தான். அப்புறம் எங்கள் ஊரில் காது கேளாதவர்கள் கூடி ஆராதிக்கிற டெஃப் பெல்லோஷிப்பில் மொழிபெயர்க்கக் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் நின்றால் அவர்கள் ஆராதனையைப் பார்ப்பார்கள். ஆராதனை அவர்களுடையதாக ஆக வேறு நிறைய வேண்டும். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

ஜூன் 9

முதலில் அந்தப் பெண் எங்கே நிற்கப் போகிறாள் என்று கேளுங்கள். நம் பழைய கோயில்களில் பீடத்துக்குப் பின்னால் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், காலை வெயில் நேராக அதன் வழியாக வரும். அதற்கு முன்னால் நிற்பவரின் முகம் இருட்டாகத்தான் தெரியும். சைகை மொழியில் பாதி முகத்தில் இருக்கிறது. கேள்வியா, கோபமா, இல்லை என்கிறாரா என்பதைப் புருவமும் உதடும் சொல்லும். ஜன்னலை விட்டு விலகி, பின்னால் வெறும் சுவர் இருக்கிற இடமாகப் பாருங்கள். பூப்போட்ட புடவை வேண்டாம். கைகள் எடுத்துக் காட்டுகிற மாதிரி ஒரே நிறத்தில் உடுத்தச் சொல்லுங்கள். அவர்களைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். தூண் மறைக்கக் கூடாது.

அடுத்தது ஜெபம். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றதும் கேட்கிற எல்லாரும் மூடிவிடுவோம். அவர்கள் மூடினால் ஜெபம் அங்கேயே முடிந்தது. சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் தம்பி கண்ணைத் திறந்து வைத்திருந்தான் என்று டீச்சர் தலையில் குட்டினார். அவன் ஏன் திறந்து வைத்திருந்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு தனி வேதனை. கீர்த்தனையில் பல்லவியை ஐந்து தடவை திருப்பிப் பாடுவோம். கேட்பவர்களுக்கு அது இனிமை. கையில் அதே வரியை ஐந்து தடவை காட்டினால் பார்ப்பவர் மூன்றாவது தடவையே வேறு பக்கம் திரும்பிவிடுவார். எங்கள் கூட்டத்தில் பாட்டை அவர்களே மாற்றிவிட்டார்கள். ஒருவர் முன்னால் நின்று தாளத்தோடு செய்வார், மற்றவர்கள் சேர்ந்து செய்வார்கள், தரையில் காலைத் தட்டுவார்கள். பெஞ்சு வழியாக அந்த அதிர்வு எல்லாருக்கும் போகும். வரிகள் குறைவு, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று கூடும். ஒரு தடவை வந்து பாருங்கள்.

ஜூன் 11

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே, பைபிளைக் கையில் கொடுத்தால் ஆகாதா?"

நியாயமான கேள்விதான். கேட்கிற குழந்தை பள்ளிக்குப் போகும்போதே தமிழ் பேசத் தெரிந்துகொண்டு போகிறது, எழுத்தை மட்டும் கற்றால் போதும். பிறவியிலேயே காது கேளாத குழந்தை எழுத்தையும் மொழியையும் சேர்த்து, ஒருபோதும் காதில் விழாத ஒன்றிலிருந்து கற்க வேண்டும். நன்றாகப் படித்து வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் தம்பி செய்தித்தாளில் தலைப்பைப் படிப்பான், கீழே உள்ளதை என்னிடம் கேட்பான். அவனிடம் "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்ற நம் பழைய மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? எனக்கே அது புரிய வயது தேவைப்பட்டது.

அவர்களுக்கு முதல் மொழி சைகை. அதில் வேதாகமம் வேண்டும், வீடியோவாக. அமெரிக்காவில் டெஃப் மிஷன்ஸ் என்ற ஊழியம் 1981இல் இதை ஆரம்பித்தது. அமெரிக்க சைகை மொழியில் முழு வேதாகமமும் முடிந்தது 2020இல். கிட்டத்தட்ட நாற்பது வருஷம். அதே 2020இல் யெகோவா சாட்சிகளும் தங்கள் பதிப்பை அதே மொழியில் முடித்தார்கள். உலகத்தில் 300க்கு மேல் சைகை மொழிகள் உண்டு என்று உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு சொல்கிறது. பெரும்பாலானவற்றில் முழுசாக எதுவும் இல்லை. இந்திய சைகை மொழியில் பகுதிகள் வந்திருக்கின்றன, எங்கள் கூட்டத்தில் போனில் போட்டுப் பார்க்கிறோம்.

ஏன் இத்தனை வருஷம் என்றால், எழுத்தில் மறைத்துவிடக்கூடியதைக் கையில் மறைக்க முடியாது. படகில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், புயல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பேசியவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம் குறித்தாக வேண்டும். அப்புறம் கேமரா முன் செய்து, அதை வேறு ஊரிலுள்ள காது கேளாதவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று திருப்பிச் செய்யச் சொல்லி, தப்பாக இருந்தால் மறுபடி படம் எடுக்க வேண்டும்.

ஜூன் 12

"விசுவாசம் கேள்வியினால் வரும் என்று ரோமர் 10இல் இருக்கிறதே" என்று ஒருவர் போட்டிருக்கிறார். ஐயா, இந்த வசனத்தைக் காட்டியே பல நூற்றாண்டுகள் காது கேளாதவர்களை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். கேட்க முடியாதவனுக்கு விசுவாசம் எப்படி வரும் என்று ஆதித்திருச்சபை அறிஞர் அகஸ்தீன் காலத்திலேயே எழுதியாயிற்று.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பாரீஸ் நகரத்துப் பாதிரியார் ஷார்ல் மிஷேல் த லெப்பே. காது கேளாத சகோதரிகள் இரண்டு பேர். அவர்களுக்குப் படம் காட்டி வேதபாடம் சொல்லிக்கொண்டிருந்த இன்னொரு பாதிரியார் இறந்துபோனார். இந்தப் பெண்கள் தேவனை அறியாமலே போய்விடுவார்களே என்ற கவலையில்தான் லெப்பே அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். 1760ஐ ஒட்டிப் பள்ளியாயிற்று. ஏழைப் பிள்ளைகளும் படித்தார்கள். நகரத்துக் காது கேளாதவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த சைகைகளை இவர் போய்க் கற்றார், கற்றதை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மதிக்கத்தக்க விஷயம் அதுதான். பிரெஞ்சு இலக்கணத்துக்கு என்று தானாகச் சில சைகைகளை ஒட்டினார். அவை நிற்கவில்லை. பிள்ளைகளின் மொழி நின்றது.

அந்தப் பள்ளியில் படித்த லோரான் க்ளேர்க் என்ற காது கேளாத இளைஞரை, தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் என்ற அமெரிக்கப் போதகர் 1816இல் கப்பலேற்றிக் கூட்டிப்போனார். 1817 ஏப்ரலில் ஹார்ட்ஃபர்டில் பள்ளி திறந்தது. அமெரிக்க சைகை மொழியில் பிரெஞ்சுச் சாயல் இருப்பது இதனால்தான். கேலடெட்டின் மகன் 1852இல் நியூயார்க்கில் காது கேளாதவர்களுக்கென்றே புனித அன்னாள் ஆலயத்தை ஆரம்பித்தார்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை மட்டும் படித்தால் திருச்சபை நல்லது மட்டுமே செய்தது போல இருக்கிறது. இதையும் சொல்லியாக வேண்டும். 1880 செப்டம்பரில் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி மாநாடு கூடியது. சைகையை ஒதுக்கிவிட்டு வாயால் பேசப் பழக்குவதே முறை என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை தாங்கியவர் ஜூலியோ தாரா, கத்தோலிக்கப் பாதிரியார். 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானம் உலகம் முழுக்கப் பள்ளிகளில் புகுந்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதற்காக வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம் கழித்து.

தம்பி படித்த பள்ளியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்வார்கள். "ப" சொல்லும்போது எரிகிற மெழுகுவர்த்தி ஆடினால் சரி, ஆடாவிட்டால் மறுபடி. அந்த ஒரு எழுத்துக்கே காலை முழுக்கப் போகும். விடுதியில் விளக்கணைத்த பிறகு ஜன்னலோரம் தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சைகை கற்றுக்கொடுப்பார்களாம். ஆதாம் ஏவாள் கதை முதல் ரஜினி படக் கதை வரை அவன் கற்றது அங்கேதான்.

ஜூன் 13

பாளையங்கோட்டை பற்றி ஏன் எழுதவில்லை என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஊரை விடுவேனா! பெண்களிடையே ஊழியம் செய்த இங்கிலாந்துச் செனானா மிஷனைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 1897இல் ஆரம்பித்த பள்ளி இன்றும் அவர் பெயரோடு மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. இலங்கையில் அதே மிஷனிலிருந்து வந்த மேரி சாப்மன் 1912இல் ஆரம்பித்ததுதான் இன்றைய ரத்மலானைப் பள்ளி. அரசாங்கமோ ஊர்ப் பெரியவர்களோ இந்தப் பிள்ளைகளை நினைக்காத காலம் அது. ஒரு தலைமுறை முழுக்க ஒன்றாக உண்டு உறங்கி வளர்ந்ததால்தான் அவர்களுக்கு மொழியும் சொந்தமும் கல்யாணமும் கிடைத்தன. நன்றியோடுதான் சொல்கிறேன். மிஷன் பள்ளி இல்லாவிட்டால் எங்கள் பெல்லோஷிப்பில் பாதிப் பேர் ஒருவரையொருவர் சந்தித்தே இருக்க மாட்டார்கள்.

ஜூன் 15

இன்றைக்கு நீளமாக எழுதுகிறேன். இதற்காகத்தான் முதல் நாளே "போதாது" என்றேன்.

ஆண்ட்ரூ ஃபாஸ்டர். நம் பிரசங்கங்களில் கேரி, கால்டுவெல், ஏமி கார்மைக்கேல் எல்லாரும் வருவார்கள். இவர் வரமாட்டார். 1925இல் அமெரிக்காவில் அலபாமாவில் பிறந்த கறுப்பர். பதினொரு வயதில் மூளைக்காய்ச்சல், காது போயிற்று. என் தம்பிக்கு வந்த அதே நோய். அந்த மாநிலத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, காது கேளாத கறுப்பர்களுக்கு அதிலும் தனிப் பள்ளி, கொஞ்ச வகுப்புக்கு மேல் படிக்க வழி கிடையாது. டெட்ராய்ட்டுக்குப் போய் வேலை செய்துகொண்டே தபால் வழியில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். 1954இல் காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான்.

ஆப்பிரிக்காவுக்கு ஊழியராகப் போக வேண்டும் என்று பாரம். 1956இல் தானே ஒரு மிஷனை ஆரம்பித்து, 1957இல் கானாவின் அக்ராவில் போய் இறங்கினார். அந்த நாட்டில் அப்போது காது கேளாதவர்களுக்கு ஒரு பள்ளிகூட இல்லை. சாதாரணப் பள்ளியின் வகுப்பறையை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கேட்டு வாங்கிப் பாடம் நடத்தினார். 1960இல் நைஜீரியா, அப்புறம் ஒவ்வொரு நாடாக. பதின்மூன்று நாடுகளில் முப்பதுக்கு மேல் பள்ளிகள். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் ஆராதனைக் கூட்டமும் சேர்ந்தே வந்தன. நைஜீரியாவின் இபாதானில் பல நாட்டிலிருந்தும் காது கேளாத இளைஞர்களை வரவழைத்து ஆசிரியர் பயிற்சி கொடுத்தார். அவர்கள் ஊருக்குப் போய்ப் பள்ளி ஆரம்பித்தார்கள். 1987 டிசம்பர் 3ஆம் தேதி ருவாண்டாவில் விமான விபத்தில் இறந்தார்.

ஒரு கிராமத்துத் தாயின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு எதிர்காலம் இல்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் கோட்டு போட்ட ஆள் வருகிறார், அவருக்கும் காது கேட்காது, அவரோ பட்டதாரி, கார் ஓட்டுகிறார், கையில் பைபிள் வைத்திருக்கிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, கையைத் தூக்கும் முன்பே அந்தத் தாய்க்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. நானோ உங்கள் சேகரத்துப் பெண்ணோ எத்தனை நன்றாகச் சைகை செய்தாலும் இதைச் செய்ய முடியாது. எங்களைப் பார்க்கிற காது கேளாத பையன், கேட்கிறவர்கள் தான் எப்போதும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

அதனால் கமிட்டியில் சொல்லுங்கள்: அந்தப் பெண் மொழிபெயர்க்கட்டும். கூடவே அந்த ஆறு பேரில் ஒருவரை வேதபாடம் எடுக்கத் தயார் செய்யுங்கள்.

ஜூன் 17

ஃபாஸ்டர் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகி கேட்டது என்னை இரண்டு நாளாக யோசிக்க வைத்தது. "அவர் கொண்டுபோனது அமெரிக்க சைகை மொழி. அங்கே ஏற்கெனவே இருந்த சைகைகள் என்னவாயின?"

கானாவில் அக்ராவுக்குப் பக்கத்தில் அடமோரோபே என்று ஒரு கிராமம். பரம்பரையாகக் காது கேளாதவர்கள் அதிகம் பிறக்கிற ஊர். பல தலைமுறையாக அங்கே ஒரு சொந்தச் சைகை மொழி இருக்கிறது. காது கேட்கிறவர்களும் அதைப் பேசுவார்கள், கடையில், வயலில், வீட்டில். ஃபாஸ்டரின் பள்ளி பிற்பாடு போன மாம்போங் அதே அக்வாபிம் மலைப்பகுதிதான். அடமோரோபே பிள்ளைகள் அங்கே படிக்கப் போனார்கள். அமெரிக்க மொழியிலிருந்து வளர்ந்த கானா சைகை மொழியைக் கற்றுத் திரும்பினார்கள். இன்றைக்கு இளையவர்கள் கையில் அதுதான் ஓங்கி நிற்கிறது. பாட்டன் பேசிய மொழி சுருங்குகிறது.

ஆக, செய்கிறவர் காது கேளாதவராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முந்தாநாள் நான் எழுதிய தொனி கொஞ்சம் கூடுதல்தான். ஃபாஸ்டர் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. கையில் ஒன்றுமில்லாத பிள்ளைக்கு ஏதோ ஒரு முழு மொழியை உடனே கொடுத்தாக வேண்டும், அவரிடம் இருந்தது அது. ஆனால் ஏற்கெனவே மொழி இருக்கிற இடத்தில் முதலில் போய் உட்கார்ந்து கற்க வேண்டும். லெப்பே பாதிரியார் பாரீஸில் செய்தது போல.

நம் ஊரிலும் இது நடக்கிறது. எங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் பழைய விடுதிச் சைகையில் பேசுவார்கள். இளைஞர்கள் டெல்லியிலிருந்து வருகிற வீடியோக்களைப் பார்த்து இந்திய சைகை மொழியில் செய்வார்கள். மத்திய அரசின் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் 2015இல் வந்தது. அதன் அகராதியில் 2021இலேயே பத்தாயிரம் சொற்கள். நல்லது. ஆனால் கோர்ஸ் முடித்த பெண் அந்த அகராதிச் சைகையோடு வந்து நிற்கும்போது முன்வரிசையில் அறுபது வயதுத் தாத்தா இருந்தால், அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். அந்தப் பெண் அவரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும்.

ஜூன் 18

கொஞ்சம் லேசாக. எங்கள் கூட்டம் மாலையில் நடக்கும். பிரசங்கம் நடுவில் கரண்ட் போனால் மற்றச் சபைகளில் மைக் மட்டும் நிற்கும், எங்கள் சபையில் பிரசங்கமே நிற்கும். ஒரு தடவை போனபோது எல்லாரும் போன் டார்ச்சை எடுத்துப் பிரசங்கியார் கை மேல் அடித்தார்கள். பிரசங்கம் "நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்". அவர் பேச்சை நிறுத்தி, அந்த டார்ச்சுகளைக் காட்டி, "பாடம் புரிந்துவிட்டது, இனி நான் எதற்கு?" என்று கேட்டார். கூட்டமே வாய்விட்டுச் சிரித்தது. காது கேளாதவர்கள் ஒரு கூடம் நிறையச் சேர்ந்து சிரிக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? யாரும் அடக்கிச் சிரிக்க மாட்டார்கள்.

ஜூன் 22

தனிச்செய்தியில் ஒரு அம்மா, மகனைச் சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்கு எழுதியதையே இங்கேயும் வைக்கிறேன், வேறு தாய்மாரும் படிப்பார்கள்.

எங்கள் அம்மாவும் கூட்டிப்போனாள். பெரிய மைதானம், பெரிய ஸ்பீக்கர். மேடைக்கு ஏற்றி, காதில் கையை வைத்து ஜெபித்துவிட்டு, பின்னால் நின்று ஒருவர் கைதட்டினார். தம்பி திரும்பினான். மேடைப் பலகை அதிர்ந்தால் அவன் திரும்பத்தானே செய்வான். கூட்டம் ஆர்ப்பரித்தது. மைக்கை வாயில் வைத்து "அம்மா" என்று சொல்லச் சொன்னார்கள், பள்ளியில் பழக்கிய சொல், சொன்னான். அம்மா அழுதாள். வீட்டுக்கு வந்து இரவு அவள் பின்னாலிருந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பவில்லை. அப்புறம் அவள் கேட்ட கேள்வி அவனுடைய விசுவாசத்தைப் பற்றியது. ஒன்பது வயதுப் பிள்ளை.

தேவன் சுகப்படுத்த மாட்டார் என்று நான் சொல்லவில்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்த மனுஷனை இயேசு ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். பேசுவதற்கு முன்பே காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். அவனுக்குப் புரிகிற விதத்தில், அவன் கண் பார்க்கிற விதத்தில். பிறகு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கட்டளையிடுகிறார். மேடையும் ஸ்பீக்கரும் அந்தப் பகுதியில் எங்கே இருக்கின்றன?

எங்கள் கூட்டத்தில் புதிதாக வருகிற காது கேளாத இளைஞரிடம் பேசினால், பத்தில் எட்டுப் பேருக்கு இப்படி ஒரு மேடை அனுபவம் இருக்கும். நாம் சுவிசேஷம் சொல்லப் போகும்போது முதலில் இந்தக் காயத்தின் மேல்தான் கால் வைக்கிறோம்.

ஜூன் 25

"தனிமையில் இருப்பவர்களைச் சைகை மொழி என்ற தூண்டில் போட்டு மதம் மாற்றுகிறீர்கள்" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் அதில் கேட்க வேண்டியது இருக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு இந்து நண்பர்கள் வருகிறார்கள், முஸ்லிம் நண்பர் ஒருவர் வருகிறார். வேதபாடத்துக்காக என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவருக்கும் சைகை தெரியாது. சாப்பிட்டாயா, தூங்கு, வா, போ, இதற்கு மேல் அம்மாவோடு பேச முடியாத நாற்பது வயது மனுஷர்கள். வாரத்தில் ஒருநாள் தன் மொழியில் நாலு பேரோடு பேச அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நாங்கள் தருகிறோம், அதில் எங்கள் விசுவாசத்தையும் சொல்கிறோம். மறைக்கவில்லை.

ஆனால் ஒருவருக்கு வேறு போக்கிடமே இல்லாதபோது அவர் சொல்லும் "சரி" எவ்வளவு சுதந்தரமானது? இதை நாங்கள் கூட்டத்துப் பெரியவர்களோடு பேசினோம். பேசி முடிவு செய்தது இது: ஆதார் திருத்தம், ஆஸ்பத்திரி, காவல் நிலையம், வேலைக்கு நேர்முகம் எதற்கும் நாங்கள் கூடப் போவோம், யாராக இருந்தாலும், கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும். ஞானஸ்நானம் கேட்கிறவர்களிடம் அவர்கள் வீட்டாருக்குத் தெரியுமா என்று காது கேளாத பெரியவர்தான் பேசுவார். இன்னும் நன்றாகச் செய்ய வழி இருந்தால் அந்த நண்பரே சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 2

காது கேளாதவர் குருவானவர் ஆக முடியுமா என்ற கேள்வி வந்தது. ஆகியிருக்கிறார்கள். அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையில் ஹென்றி விண்டர் சைல் 1876இல் உதவிக்குருவானார், 1883இல் குருவானார். பேச்சும் கேள்வியும் இல்லாதவர் திருவிருந்து நடத்தலாமா என்று அப்போது பெரிய வாக்குவாதம். தென்னாப்பிரிக்காவின் சிரில் ஆக்சல்ரோட் 1970இல் கத்தோலிக்கக் குருவானார், பிற்பாடு பார்வையும் போயிற்று. இப்போது அவர் பேசுவதும் கேட்பதும் கைக்குள் கை வைத்து, தொட்டு. ஹாங்காங், மக்காவ் வரை போய் ஊழியம் செய்தவர். நம் பக்கத்தில் கேரளத்தில், 2024 மே மாதம் திருச்சூரில் ஜோசப் தேர்மடம் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் காது கேளாத முதல் குரு என்று செய்திகள் சொல்லின.

கத்தோலிக்க நண்பர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு போக யாருக்கு மனது வரும்? நான் மொழிபெயர்க்கிற நாளில் அந்தச் சகோதரி தன் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் முன்னால்தான் சொல்ல வேண்டும். சைகை தெரிந்த குரு இருந்தால், நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, மற்றவர் கண்ணுக்குக் கை தெரியாமல் உட்கார்ந்து நேராகப் பேசிவிடலாம்.

ஜூலை 6

அப்பா இறந்தபோது அடக்க ஆராதனையில் நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியவில்லை, நானும் மகள்தானே. ஐயர் அரைமணி நேரம் பேசினார், கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டான். நல்லவர் என்று சொன்னார்கள் என்றேன்.

கல்லறையிலிருந்து வந்த பிறகு, பெல்லோஷிப் பெரியவர் ஒருவர் நண்பர்களோடு வீட்டுக்கு வந்தார். அவரும் பிறவியிலேயே காது கேளாதவர், தையற்கடை வைத்திருக்கிறார். முற்றத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார், எல்லாருக்கும் எல்லாருடைய கையும் தெரிய வேண்டும். லாசருவின் கல்லறை முன் இயேசு அழுததைச் செய்துகாட்டினார். இயேசு என்பதற்கு நடுவிரலால் மற்ற உள்ளங்கையைத் தொட்டு, கையை மாற்றி மறுபடி தொடுவோம், ஆணித் தழும்பு. தொட்ட அதே விரலைக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோய்க் கன்னத்தில் இறக்கினார். தம்பி அன்றைக்கு முதல் தடவையாக அழுதான். அப்புறம் எழுந்து அப்பா சைக்கிளில் அவனை முன்னால் உட்காரவைத்துத் தாமிரபரணிக்குக் கூட்டிப்போனதைச் சொன்னான். எனக்கே தெரியாத கதை அது.

எனக்குச் சைகை தெரியும், வசனமும் தெரியும். அந்தத் தையற்காரர் செய்ததை நான் செய்திருக்க முடியாது.

ஜூலை 13

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். அந்த ஆறு பேரில் பேருந்து டிப்போவில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர் வேதபாடம் எடுக்கச் சம்மதித்திருக்கிறாராம். கமிட்டிக்கு இரண்டு சந்தேகம்: அவருக்கு வேதாகமம் எவ்வளவு தெரியும், மொழிபெயர்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா, ஊழியம்தானே.

முதல் சந்தேகத்துக்கு: புதிதாக ஓய்வுநாள் பள்ளி எடுக்க வருகிற காது கேட்கிற இளைஞர்களிடம் இதே கேள்வியைக் கேட்டீர்களா? அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது போல இவருக்கும் கொடுங்கள். வீடியோ வேதபகுதிகளை ஒரு போனில் ஏற்றிக் கொடுங்கள், ஐயர் வாரத்தில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் ஐயர்தான் அதிகம் கற்பார்.

இரண்டாவதற்கு: ஆர்கன் வாசிப்பவருக்குக் கொடுக்கிறீர்கள், மைக் செட்காரருக்குக் கொடுக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே தலையில் ஒரு மொழி, கையில் ஒரு மொழி என்று ஓட்டுவது கடினமான வேலை. அரைமணிக்கு மேல் ஒருவரே செய்தால் தப்பு வர ஆரம்பிக்கும். ஆள் மாற்ற இன்னொருவரைத் தேடுங்கள், இரண்டு பேருக்கும் கொடுங்கள். பிரசங்கத்தை ஐயர் வெள்ளிக்கிழமையே எழுதித் தரட்டும். வேதபாடம் எடுக்கும் அந்த அக்காவுக்கும் பயணப்படி கொடுங்கள். கேட்கிற பிரசங்கியார்கள் வெளியூரிலிருந்து வந்தால் கவர் கொடுக்கிறோம் அல்லவா, அதே கவர்.